தலைமுடியில் கந்தகம்

28 ஆகஸ்டு 1964, வெள்ளி. மாட்டுங்கா.

உயிரணுவின் நியூக்ளிக் அமிலத்தில் இருக்கும் ப்யூரின் என்ற பொருளில் இன்று ஆய்வுக்கூடத்தில் ஒருவழியாகக் கந்தகத்தை ஏற்றிவிட்டேன். மாதக்கணக்கில் ஏமாற்றிய மஞ்சள் படிகம். எலிக்குப் போட்டால் புற்றுக்கட்டி வளர்வது நிற்கிறதா என்று இனிதான் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

கந்தகம் ஏற்றும்போது கிளம்பும் வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும். சீயக்காய் போட்டுக் குளித்தும் தலைமுடியை விடவில்லை. கீழ்வீட்டு சாந்தாபாய்தான் உள்ளறையில் உட்காரவைத்துத் தலைபின்னி, நாற்றம் தெரியாமலிருக்க மல்லிகையை அள்ளி வைத்தாள்.

கூடத்தில் காபி கொடுக்கக் குனிந்தேன். பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்தாள். "இந்தாத்துல முட்டையெல்லாம் புழங்குமோ?"

அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் கிடையாது மாமி. கீழ மராட்டிக்காரா குடியிருக்கா. அவா சமைச்சா இங்க வரைக்கும் நாறும்."

என் வேலையைச் சொல்வதைவிட அம்மாவுக்கு அது சுலபம். நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்களுக்குச் சம்மதமாம். வேலையை மட்டும் விட்டுவிட வேண்டுமாம்.

அவர்கள் போனதும் சாந்தாபாய் உள்ளறையிலிருந்து வந்தாள். தன் சீப்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எங்களோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.