நாலாம் பெட்டில் மழை

என் பிரிய அண்ணி,

நீங்கள் போன பிறகு முதல் மழை வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுசெல்லாம் வேலூரில் நர்ஸாக இருந்தவர் நீங்கள். டூட்டி முடிந்து போகிறவர், அடுத்து வருகிறவரை நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாயால் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது உங்கள் சட்டம். ரிடையர் ஆகி, என் அப்பாவின் நிலத்தில் ஊரார் வந்து பாடுபடுகிற பொதுப் பண்ணை தொடங்கியபோதும் அதே சட்டம்தான். அப்படிப்பட்டவர், காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்தபடியே, ஒரு வார்த்தைகூட ஒப்படைக்காமல் போய்விட்டீர்கள். இது நியாயமா?

செத்த நிலம் என்றுதான் ஊரே அதைச் சொன்னது. தோல் தொழிற்சாலைத் தண்ணீர் வருஷக்கணக்கில் ஊறி, வெயில் காலத்தில் தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். அப்பா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். என் பேருக்கு எழுதிவைத்தார், நானும் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள்தான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்துவிட்டு, "உயிர் இருக்கு எஸ்தர், அட்மிட் பண்ணிடலாம்" என்றீர்கள். உங்களுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாத்திக்குப் பாத்தி பெட் நம்பர் போட்டீர்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு டிரிப் என்று பெயர் வைத்தீர்கள். ஒருநாள் ஆட்டோ இப்ராஹிம் பாய்க்குப் போன் பண்ணி, "நாலாம் பெட்டுக்கு டிரிப் ஏறல, சீக்கிரம் வாங்க" என்றீர்களே! மனுஷர் பிரெட்டும் சாத்துக்குடியுமாக வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, "இன்னா சிஸ்டர், பேஷண்ட் எங்கே?" என்று கேட்டார். வாடி நின்ற புங்கங்கன்றுகளைக் காட்டினீர்கள். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. அன்று மண்வெட்டியைப் பிடித்தவர், இன்னும் வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் வருகிறார்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் நான் ஒரு முடிவெடுத்தேன். பண்ணை கேட்டைப் பூட்டிவிடலாம் என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து உப்பு பார்க்கிற கொட்டகையையும் சேர்த்துத்தான். வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நிலத்தை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களே இல்லாதபோது அந்த மண்ணை யார் பார்த்துக்கொள்வது?

போன வாரம் விடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் போய்ச் சேர்வதற்குள் நாலாம் பெட் நிரம்பி, தண்ணீர் வரப்பைத் தொட்டுவிட்டது. அந்தப் பெட்டில்தான் உப்பு ஜாஸ்தி என்பது மட்டும் எனக்குத் தெரியும். தண்ணீரை நிறுத்துவதா, வடிப்பதா? தப்பான மடையைத் திறந்தால் உப்பெல்லாம் மற்ற பெட்டுகளுக்குப் போய்விடும், நீங்கள் பட்ட பாடு ஒரே காலையில் வீண். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன்.

யாருக்கும் நான் போன் பண்ணவில்லை, அண்ணி. அவர்களே வந்தார்கள். முதலில் பண்ணையில் உங்களோடு மண் வெட்டிய ஒடுகத்தூர்க் கோவிந்தன், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

"எஸ்தரம்மா, மேக்கால மடையைத் தொறந்துடாதீங்க. கீரைக்குப் போய்டும். கெழக்கால மடைதான் நேரா வடிகாலுக்குப் போவுது."

சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். பின்னாலேயே சுமதி வந்தாள். தன்னை வேலைக்கு ஏற்றிப்போகும் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் ஓடி வந்திருக்கிறாள்.

"இன்னிக்குத் தொறக்காதீங்கக்கா. ஒரு நாள் தண்ணி நிக்கட்டும். உப்பு கரைஞ்சப்புறம் வடிக்கணும், இல்லன்னா வேஸ்ட்."

அவளும் அசையாமல் நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இவ்ளோ தெரிஞ்சவங்க வரப்பையாவது ஒசத்த வேண்டியதுதானே? ஏன் என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

அப்போதுதான் வந்து சேர்ந்த இப்ராஹிம் பாய் நிதானமாகச் சொன்னார். "செய்றதுக்கு இன்னா மேடம், செஞ்சுடலாம். ஆனா சிஸ்டர் எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணொண்ணு சொல்லி வெச்சிருக்காங்க. 'நான் இல்லாதப்போ மழை வந்துச்சுன்னா, எஸ்தரைப் பெட் பக்கத்துல நிக்க வெச்சுச் சொல்லுங்க. அவ கேட்டுக்கிட்டப்புறம் மண்ணுல கை வைங்க'ன்னாங்க. கேட்டுக்கிட்டீங்களா?"

அண்ணி, நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள்! மழையில் நனைந்தபடி, என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்ற இவர்கள்தான் எப்பேர்ப்பட்டவர்கள்! கம்பெனி பஸ் போய்விடும், ஆட்டோ சவாரி போய்விடும். ஒருவர்கூட நகரவில்லை. "கேட்டுக்கிட்டேன்" என்றேன். அதன் பிறகுதான் மண்வெட்டிகள் கிளம்பின.

மறுநாள் கிழக்கு மடையை என் கையாலேயே திறந்தேன். தண்ணீர் கலங்கலாக வடிகாலில் இறங்கியது. நேற்று, உப்பு மண்ணைத் தேற்றுகிற தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறோம், முளைக்குமா தெரியாது. நாளைக்குப் பிள்ளைகள் பாட்டில்களோடு வருகிறார்கள்.

கேட்டைப் பூட்ட மாட்டேன். நீங்கள் சொல்லி வைத்தவர்கள் எல்லாரிடமும் நானும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். எனக்கும் நேரம் வரும்போது, ஒருவரைப் பெட் பக்கத்தில் நிறுத்திச் சொல்லாமல் போக மாட்டேன். இது சத்தியம்.

டூட்டியை எடுத்துக்கொண்டேன், அண்ணி. நீங்கள் கிளம்பலாம்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத நாத்தனார்,
எஸ்தர்