சுவருக்கு அந்தப் பக்கத்து வயலின்

ஜூன் 4

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலம் என்று உன் அண்ணனிடம் போனில் சொன்னாயாம். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லையாம். இருக்கட்டும், அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

நீ மகள் வீட்டுக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆகிறது. பத்திரிகையில் வரும் என் தொடர்கதைக்கு இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி. சண்டை போட்டுப் பிரிந்த அக்கா வீட்டு வாசலில் கதாநாயகியை நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாக நிற்கிறாள், பாவம், கால் வலித்திருக்கும். கதவைத் தட்டுவாளா, திரும்பிப் போவாளா என்று எனக்கே தெரியவில்லை. ஆசிரியர் முப்பதாம் தேதி வரைதான் கெடு கொடுத்திருக்கிறார்.

காரணத்தைச் சொல்ல நாக்கு கூசுகிறது; அதனால்தான் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக நீ பக்கத்து அறையில் சாதகம் செய்யும்போதுதான் நான் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று உன் வயலின் வில்தான் சொல்லிக்கொடுத்தது. ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பு.

இதனால், நீ நீலச் சேலையில் உட்கார்ந்து என் முதல் கதையை விருந்தாளிகள் முன்னால் உரக்கப் படித்துச் சிரித்ததை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஏழு பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் காப்பி புரையேறியது.

அண்ணி

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் எனக்கு எழுதியதே இதுதான் முதல் தடவை. உங்கள் தொடரை இங்கே மாப்பிள்ளை படித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வருகிறது, அவ்வளவு போட்டி. என் கச்சேரி கேசட்டை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் பாராட்டியது.

அந்தச் சேலை பச்சை, அண்ணி.

பணிவுடன்,
நாத்தனார்

ஜூன் 14

நாத்தனாருக்கு,

சேலை நீலம். பச்சை அதற்கு அடுத்த வருடம் உன் அண்ணன் உனக்கு வாங்கித் தந்தது. எனக்கு வாங்கவில்லை.

கச்சேரி கேட்டேன். காது குளிர்ந்தது. உன் கையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு எழுத ஒரு வரியும் ஓடவில்லை. அது பாட்டுக்குப் போகிறது, நான் உள்ளே நுழைய இடமில்லை. எனக்குக் காலை ஏழு மணி வேண்டும். அந்த மேல் சுரத்துக்கு ஏறுவாய், சறுக்குவாய், "ச்சே" என்பாய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாய். அந்த "ச்சே"க்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்போதுதான் எனக்கு ஒரு வரி வரும். என் கதைகளில் விழுந்தவர்கள் எல்லோரும் உன்னைக் கேட்டுத்தான் எழுந்தார்கள்.

அண்ணி

ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

ஒன்றை மறைத்துவிட்டேன். இங்கே வந்தபின் வயலினைத் தொடவே இல்லை. தோள்பட்டை வலி, வில் நடுங்குகிறது. இனி எதற்கு என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். பதிந்ததை அப்படியே அனுப்புகிறேன். நடுவில் பேத்தி கதவை இடிப்பதும் கேட்கும். பதினொரு "ச்சே" இருக்கிறது. ஒரு தடவைகூட மேலே போய்ச் சேரவில்லை.

அன்று நான் சிரித்தது பொறாமையில், அண்ணி. பதினைந்து வருடம் குருவிடம் கற்றும் எனக்குச் சொந்தமாக ஒன்றும் வரவில்லை. நீங்கள் சமையலறையில் உட்கார்ந்து எழுதிவிட்டீர்கள்.

நாத்தனார்

ஜூன் 26

நாத்தனாருக்கு,

பதினொன்று இல்லை, பன்னிரண்டு. கடைசி "ச்சே" பாதியில் இருக்கும்போது நாடா தீர்ந்துவிட்டது.

உன் வில் நடுங்கிய இடத்தில்தான் அவள் கதவைத் தட்டினாள். கையில் அதே நடுக்கம். நேற்று அத்தியாயம் முடிந்தது. நாளைக்கும் ஏழு மணிக்கு வயலினை எடு. தோளுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு எடு.

ஆசிரியருக்கு அனுப்பியதைப் போலவே ஒரு படி எழுதி உனக்கு இதில் வைத்திருக்கிறேன். நீலச் சேலையை மன்னிப்பதாக இல்லை. மகள், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டார் என்று ஏழு பேரைக் கூப்பிட்டு உட்கார வை. காப்பி கொடு. உரக்கப் படி.

மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு வரும். சிரிக்கலாம்.

உன் அண்ணி