அவன் தள்ளினானா?

மார்ச் 3

டிவி தொடரின் கடைசி அத்தியாயத்தை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். கதையில், படகிலிருந்து விழுந்து மனைவி செத்துப்போனாள். கணவன் தள்ளினானா, அவளாக விழுந்தாளா? ஊரே இதைத்தான் கேட்கிறது. இயக்குநரிடம் கேட்டால், "எனக்கே தெரியாதும்மா. தெரியாம இருக்கறதுலதான் கிக்கே இருக்கு" என்கிறார். கணவன் தன் மகளை நிமிர்ந்து பார்ப்பான், திரை இருட்டாகிவிடும். அவ்வளவுதான். எனக்கும் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் ஊட்டியா விட முடியும்? பார்க்கிறவர்களும் கொஞ்சம் மெல்லட்டும்.

மார்ச் 6

அண்ணி மாடிப்படியில் விழுந்துவிட்டாள். தாடை எலும்பு முறிந்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது.

அண்ணன் கட்டிலருகே நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்கிறான்: "கால் வழுக்கிடுச்சு." சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். அது எதற்கு?

ச்சீ, என்ன புத்தி எனக்கு. பார்க்கிற வேலை அப்படி.

மார்ச் 8

அந்த நிறுத்தம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன் அவன். எனக்குக் காய்ச்சல் என்றால் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பான். கோபம் வந்தால் தட்டு பறக்கும், அதுவும் உண்மை. தட்டை எறிவதும் மனுஷியைத் தள்ளுவதும் ஒன்றா? ஒன்றில்லை. ஒன்றில்லைதானே?

மார்ச் 9

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 11

இன்று நான் செய்த காரியம் எனக்கே கூசுகிறது. சித்தி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். வர முடியாத அத்தைக்கு அனுப்ப வேண்டும் என்று பொய் சொல்லி, எல்லோரையும் போனில் வீடியோ எடுத்தேன். "எப்படிப்பா ஆச்சு?" என்றாள் சித்தி. "கால் வழுக்கிடுச்சு சித்தி" என்றான் அண்ணன்.

வேலையிடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கம்ப்யூட்டரில் போட்டேன். சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். நடிகர்களை அப்படித்தான் எடைபோடுவோம். கண் தாழ்வதற்கு முன் வெட்டினால், பாவம், பெண்டாட்டிக்காகத் தவிக்கிறவன். தாழ்ந்த பிறகும் கொஞ்சம் ஓடவிட்டால் சந்தேகமே வேண்டாம், தள்ளியவன்தான். நான் எப்படி வெட்டுகிறேனோ அப்படி ஆகிவிடுகிறான். இந்த வித்தையைத்தானே வாரா வாரம் ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 12

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார் இயக்குநர். வயிற்றுவலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அவன் தள்ளினானா இல்லையா, சொல்லித் தொலைங்க சார்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கதைம்மா அது" என்றார், மெதுவாக.

மார்ச் 14

நாளை மறுநாள் அண்ணியை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதே வீடு. அதே படி. அடுத்த தடவை தாடையோடு போகுமா?

தனியாக இருந்தபோது கேட்டேவிட்டேன். "அண்ணி... அண்ணனா?" கண்ணை மூடிக்கொண்டாள். தலையைக்கூட அசைக்கவில்லை. அதற்குள் அவன் பழச்சாறோடு வந்து நின்றான். "என்னடி வாலு, ரெண்டு பேருக்கும் ரகசியமா?" சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். முதுகெல்லாம் வியர்வை. சொந்த அண்ணனைப் பார்த்து!

மார்ச் 15

முட்டாள். முழு முட்டாள் நான். இத்தனை நாளும் அவன் முகத்தையே தோண்டிக்கொண்டிருந்தேன். கதாநாயகன் முகத்தை விட்டு நகரக் கூடாது என்று பழகிப்போன கண். இன்று எதையும் பெரிதாக்காமல் முழு வீடியோவையும் ஓடவிட்டேன். ஓரத்தில் கட்டில், கட்டிலில் அண்ணி. சித்தி போர்வையை இழுத்துவிடுகிறாள், அண்ணி சும்மா கிடக்கிறாள். நர்ஸ் கையைப் பிடித்து நாடி பார்க்கிறாள், அப்போதும் சும்மாதான். தலையணையைச் சரிசெய்ய அண்ணன் கையை நீட்டுகிறான். அண்ணி இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.

எங்கே வெட்டினாலும் இது மாறவில்லை. வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடுகிறதே, என்ன செய்ய? அடிபட்டவள் அண்ணி, நான் அழுவது அவனுக்காக. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16

அவன் வருவதற்கு முன்பே போய்விட்டேன். டாக்டரிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் அண்ணியையே கேட்கச் சொன்னார். "அண்ணி, என் வீட்டுக்கு வர்றீங்களா?" என்றேன். உடனே எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினாள்.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கப் பயம். எடுக்காமலிருக்க அதைவிடப் பயம்.

ஏப்ரல் 20

தொடர் முடிந்துவிட்டது. தள்ளினான், தள்ளவில்லை என்று ஆபீஸ் முழுக்கச் சண்டை. என்னிடமும் கேட்டார்கள். வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணிக்கு நேற்றுதான் கம்பியை எடுத்தார்கள். வாய் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. இன்று சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது.

"வாலு, நான்தான். அவளை ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன். சத்தியமாடி."

அழுகிற குரல். அப்பா செத்த அன்று கேட்ட அதே குரல். என் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

"திறக்காத."

அண்ணி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். வார்த்தை குழறவே இல்லை. கையை எடுத்துவிட்டேன். அவன் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்கும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.