பதினேழாம் எண் தாள்

21-7-2025, திங்கள், ஆடி 5
காலை முதல் காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த வீட்டு முருங்கையில்.
10.20-க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனை. மனைவி கோமதிக்கு இடுப்பு அறுவை நடந்து இன்றோடு சரியாக 42 நாள். மருத்துவர் நான்கு நிமிடம் பார்த்தார். பிறகு நர்ஸ் எஸ்தர். இவருடைய வேலை ஒன்றே: ஓர் எலும்பு முறிந்து வந்தவருக்கு அடுத்தது முறியாமல் பார்த்துக்கொள்வது.
"ஆச்சி, நின்ன எடத்துல விழுந்ததுக்கு இடுப்பு ஒடியக் கூடாது. எலும்பு பஞ்சு மாதிரி ஆயிட்டுன்னு அர்த்தம். இதுக்கு முன்னால எங்கயும் ஒடிஞ்சிருக்கா?"
நான் சொன்னேன்: வலது மணிக்கட்டு, 14-3-2023, செவ்வாய், காலை 6.40, குளியலறை வாசல், சிகிச்சை வேறு மருத்துவமனையில்.
"அப்பவே எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்களாய்யா?"
யாரும் சொல்லவில்லை என்றேன், உறுதியாக.
"அவிய சொல்லியிருக்கணும். அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடுதேன்." நோட்டில் குறித்துக்கொண்டார்.
பரிசோதனைகள் முடிந்தன. இனி ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. தேதி தவறக் கூடாது. முதல் ஊசியை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்குவது என் வழக்கமில்லை.
"எலும்புக்கு ஆடி ஆவணி தெரியுமாய்யா?"
கோ. சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

22-7-2025, செவ்வாய்
வாங்க வேண்டியவை: வாக்கர் காலுக்கு ரப்பர் 1, முட்டை. குளியலறைக் கைப்பிடி பொருத்த ஆள் வருவதாகச் சொல்லி மூன்று நாள்.
மாலை 4. நர்ஸுக்கு நகல் தருவதற்காக மணிக்கட்டுச் சிகிச்சைக் கோப்பை எடுத்தேன். தாள் 17. தேதி 2-5-2023. "எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவை. ஆறு வாரத்தில் வரவும்."
கோப்பில் கோக்கக் குத்திய துளை நேராக இருந்தது. ஓரம் மடங்கவில்லை. முன்பக்கப் பட்டியலில் என் கையெழுத்து: "17. மாவுக்கட்டு பிரித்த சீட்டு. முடிந்தது."
கோப்பைத் திரும்ப வைத்தேன். காபி ஆறிவிட்டது.

24-7-2025, வியாழன்
தூறல். உறக்கம் சரியில்லை.
மில் டைம் ஆபீசில் 34 ஆண்டுகள், கேட் பாஸ் என் கையில். ஒரு பேரிங் உடைந்தால் அந்த மிஷினின் மற்ற பேரிங்குகளையும் திறந்து பார்க்காமல் பிட்டரை வெளியே விட்டதில்லை. வீட்டில், மணிக்கட்டு கூடிவிட்டது, கோப்பை மூடிவிட்டேன்.
கோ. வாக்கருடன் நடந்தது: 14 எட்டு. நேற்று 11.
"இன்னொரு தடவ விழுந்தேன்னா தூக்காதீக, அப்படியே விட்டுருங்க" என்றாள். விளையாட்டாக. விளையாட்டில்லை.

28-7-2025, திங்கள், ஆடிப்பூரம்
ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். மணமான நாள் முதல், கொரோனா ஆண்டுகள் நீங்கலாக, கோ. வடம் தொடாத ஆண்டு இதுவே. டிவியில் பார்த்தாள். கை மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
தேர் நிலைக்கு வந்த பின் தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.
"பைலுல போட்டாலே நடந்து முடிஞ்ச மாதிரிதான ஒங்களுக்கு."
தாளைத் திரும்ப வாங்கி ஓரத்தை நீவினேன்.
"அந்த ஆஸ்பத்திரிக்காரவிய மேலயா பழியப் போட்டீக? மொதல்ல அந்த எஸ்தர் பிள்ளைட்ட சொல்லுங்க. ஊசிக்கும் நாள் கேளுங்க."
"ஆடி முடியட்டுமே."
"ஆவணி வரைக்கும் நான் விழமாட்டேன்னு காலண்டர்ல போட்டிருக்கா?"
இரவு எனக்குத் தோசை வைத்தாள்.

30-7-2025, புதன், ஆடி 14
வெயில். எஸ்தரிடம் தாள் 17-ஐக் கொடுத்தேன். தவறு என்னுடையது என்றேன். நோட்டில் எழுதியிருந்ததை அடித்தார்.
"கடிதாசி இன்னும் போகலய்யா, நல்ல வேள." சற்று யோசித்தார். "சீட்டக் குடுத்து அனுப்புறது பத்தாது போல. இனிமே போன் போட்டு, உடைஞ்சவங்கட்டயே நேரா பேசுதேன்."
"எங்க வீட்டுலயும் என்ட்டயே பேசு தாயி" என்றாள் கோ.
11.15-க்கு ஊசி, இடது மேற்கை. கோ. கண்ணை மூடவில்லை. நான் மூடினேன்.
வீடு திரும்பியதும் அடுத்த தேதியைக் குறிக்கக் கோப்பை எடுத்தேன். கோ. பேனாவை வாங்கிக்கொண்டாள். வாக்கரை ஊன்றி அடுப்படிக்குப் போய், அடுப்புக்கு மேலே சுவரில், மணிக்கட்டு லேசாகக் கோணிய அந்தக் கையால் எழுதினாள்: 30-1-2026.
கிழமை போடவில்லை. வெள்ளி.
நான் திருத்தவில்லை.