ஸபா கூடாரத்தில் என் பெயர்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மகள் றிஸ்லாவும் அல்லாஹ்வின் உதவியால் நலம். உங்கள் முதுகு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சல்மா உம்மாவின் மகன் ஸப்ரி ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். மாசித் தூளும் சீனிச் சம்பலும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இந்தக் கடிதத்தையும். தினமும் போனில் கதைக்கிறோமே, கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் கதைக்கும்போது றிஸ்லா பக்கத்தில் நிற்கிறாள். நிற்காத நாட்களிலும் நீங்கள் முதலில் அவளைத்தான் கேட்கிறீர்கள்.

விசயம் இதுதான். திங்கட்கிழமை நான் அதிபருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். றுமானா டீச்சர் நாவிதன்வெளிப் பாடசாலையிலிருந்து தற்காலிக இணைப்பில்தான் எங்களிடம் வந்தவள். அந்த இணைப்பு இந்தத் தவணையோடு முடிகிறது. அதை நீடிக்கச் சொல்லி வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவதா, விட்டுவிடுவதா என்று அதிபர் என்னைக் கேட்டார். பெண் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டித் திரிகிறாள் என்று இரண்டு பெற்றோர் முறையிட்டிருக்கிறார்களாம். “டீச்சர், நீங்க பகுதித் தலைவி. நீங்க ஓமெண்டா நான் எழுதிடுவன். வேணாமெண்டா வாயே திறக்க மாட்டன். உங்கட கையிலதான் இரிக்கி” என்றார். பாரத்தை அடுத்தவர் தலையில் வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

றுமானா யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேஸ்புக்கில் அவள் போடும் ஒவ்வொரு வீடியோவின் கீழும் உங்கள் மாஷா அல்லாஹ் இருக்கிறது. பாடசாலையின் மர்வா விளையாட்டு இல்லத்தைப் பதினொரு வருடமாக நான் நடத்துகிறேன். அதற்கு உங்களிடமிருந்து ஒரு மாஷா அல்லாஹ் வந்ததில்லை. நான் எதையும் பேஸ்புக்கில் போடுவதில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நீங்கள் ஊரில் இருந்த காலத்திலும் வந்ததில்லை.

வாப்பா படித்த இல்லத்திலேயே பிள்ளையையும் போடுவது எங்கள் பாடசாலை வழக்கம். நீங்கள் ஸபா, அதனால் றிஸ்லாவும் ஸபா. நான் மர்வாவுக்குப் பொறுப்பு. இத்தனை வருடமும் அது எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. ஸபாவுக்குப் பொறுப்பாக இருந்தவர் விளையாட்டுப் போட்டியன்று கூடாரத்துக்குள் கதிரையைப் போட்டுத் தூங்குவார். பிள்ளைகள் நீலக் கடதாசி ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். றிஸ்லா என் மர்வா கூடாரத்தில் வந்து உட்கார்ந்து வாய்ப்பன் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் ஸபாவை றுமானாவிடம் கொடுத்தார்கள்.

அவள் வாயில் எப்போதும் சமூகத் தொடர்பு என்ற சொல்தான். பேராதனையில் நானும் அதைப் படித்தேன், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். இவள் பின்னேரங்களில் பிள்ளைகளையும் அவர்களின் உம்மாமாரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், முற்றத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறாள். கடற்கரைக்குப் போன நாட்களிலும் அந்த உம்மாமார் கூடப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். முறைப்பாட்டில் ஒன்றுமில்லை. அதிபருக்கு அதை நான் இன்னும் சொல்லவில்லை.

போட்டி கடந்த புதன்கிழமை நடந்தது. மர்வா கூடாரத்தில் சேனநாயக்க சமுத்திரக் குளத்தையும் அதிலிருந்து நாவிதன்வெளி வயல்களுக்கு வரும் வாய்க்கால்களையும் செய்திருந்தோம். சும்மா களிமண் பொம்மை இல்லை. மடைக் கதவைத் திறந்தால் தண்ணீர் உண்மையாகவே ஓடும், வயலில் நாங்கள் முளைக்க வைத்த நெல் நிற்கும். சரிவை மட்டம் பார்த்து நானே அளந்தேன். நடுவர்கள் வந்து மடையைத் திறந்து பார்த்து, தலையை ஆட்டி, எழுதிக்கொண்டு போனார்கள். கடைசியில் இல்ல அலங்காரத்தில் முதலிடமும் எங்களுக்கே கிடைத்தது. அதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். அதற்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை.

எடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் ஸபா பக்கம் நின்றார்கள். அங்கே கூடாரம் என்று ஒன்றே இல்லை. வினாயகபுரத்துக் கதிர்காமத்தம்பி தன்னுடைய தோணியை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து மைதானத்தில் இறக்கியிருந்தார். அவருடைய மகளும் றுமானாவும் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்களாம். எங்கள் ஊர்க் கரைவலைக்காரர்களும் அவரோடு சேர்ந்து மைதானம் முழுக்க வலையை விரித்து, பிள்ளைகளைக் கயிற்றில் பிடிக்க வைத்து, வலை இழுக்கும் அம்பாப் பாட்டைப் பாடி இழுத்தார்கள். சனம் வேலிக்கு வெளியே நின்றும் இழுத்தது. நடுவர்கள் அது அலங்காரமா இல்லையா என்று தெரியாமல் மூன்றாம் இடம் கொடுத்தார்கள். ஸபாப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மைக்கில் ஒரு பெண் பிள்ளை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆளைச் சனம் மறைத்திருந்தது. வலையின் மடி எது, கயிறு எது, இந்தக் கரையிலும் வினாயகபுரத்துக் கரையிலும் ஒரே அம்பாவை எப்படிப் பாடுகிறார்கள் என்று நிறுத்தி, சிரித்து, கேள்வி கேட்டுச் சொன்னாள். நல்ல குரல், யாருடைய பிள்ளை என்று பக்கத்து டீச்சரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “என்ன டீச்சர், வெளையாடுறீங்களா? உங்கட றிஸ்லா” என்றார்.

வீட்டில் என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் கதைக்காத பிள்ளை, மச்சான். என்னைப் போல அமைதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் உங்கள் அன்பளிப்பு வந்தது. அறிவிப்புக்கு நின்றவர் அச்சிமுகம்மது மாஸ்டர். அன்பளிப்புச் செய்தவர் பெயரை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பதில் அவருக்கு இருக்கும் ஆசை உங்களுக்குத் தெரியும். “ஸபா இல்ல மாணவர்கள் அணிந்திருக்கும் நீல நிற ரீசேட்டுகளை அன்பளிப்புச் செய்தவர், எமது பழைய மாணவர், கட்டாரிலிருக்கும் முபாறக் அவர்கள்! அவருடைய அன்புத் துணைவியார், மர்வா இல்லப் பொறுப்பாசிரியை ஸம்ஸியா டீச்சரின் பெயரால்!” என்று இரண்டு தரம் வாசித்தார். மைதானம் முழுவதும் சிரித்தது. என் மர்வாப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “டீச்சர், எந்தப் பக்கம் வெண்டாலும் உங்களுக்கு லாபந்தான்” என்று ஒருவர் பகிடி விட்டார். நானும் சிரித்தேன். முகத்தில் எப்படி வந்ததோ தெரியாது.

என்னைச் சந்தோசப்படுத்தத்தான் என் பெயரைப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்ய மாட்டீர்கள். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழைய மாணவர் சங்கத்தோடு கதைக்க உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது, றுமானாவோடு நிறத்தையும் அளவையும் கதைத்து முடிவு செய்ய நேரம் இருந்திருக்கிறது.

போட்டி முடிந்தபின் அவளே என் கூடாரத்துக்கு வந்தாள். முகமெல்லாம் புழுதி. “ராத்தா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பேர வாசிக்க வேணாமெண்டு நான் சொன்ன. மச்சான்தான் கட்டாயம் வாசிக்கச் சொன்னாரு” என்றாள். என்னை அக்கா முறையில் ராத்தா என்றால் உங்களை மச்சான் என்றுதான் சொல்ல வேண்டும். முறையில் பிழை இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையை இந்த வீட்டில் நான் ஒருத்திதான் சொல்லி வந்தேன். கோபமில்லை என்று சொல்லிவிட்டு மடைக் கதவை மூடப் போனேன்.

பொறாமை என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த றிஸ்லா, ரீசேட்டைக் கழற்றாமலே சாப்பிட்டாள். நன்றாகக் கதைத்தாய் என்று சொன்னேன். “டீச்சர்தான் பழக்கின” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அவங்கள நாவிதன்வெளிக்கு அனுப்பப் போறாங்களாம், உண்மையா உம்மா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாளாக அந்த நாலு வார்த்தையும் இல்லை.

வேண்டாம் என்று சொல்வது எனக்கு எவ்வளவு இலகு என்று யோசித்தேன். நான் பொய் சொல்லவும் தேவையில்லை. உம்மாமார் கூடப் போனார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் போதும், மற்றதை அந்த இரண்டு முறைப்பாடும் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் திங்கட்கிழமை நான் ஓம் என்றுதான் சொல்லப் போகிறேன். பெரிய மனது என்று நினைத்து, அதை உங்கள் சங்கத்தில் சொல்லிவிட வேண்டாம். அவள் இங்கேயே இருந்தால் றிஸ்லாவுக்கு அவள் ஒரு டீச்சர். ஒரு நாள் ஏசுவாள், ஒரு நாள் மைக்கை வேறு பிள்ளையிடம் கொடுப்பாள், ஒரு நாள் மகள் அழுதுகொண்டு என்னிடம் வருவாள். அவள் போய்விட்டால் அந்த நல்ல முகம் மட்டும்தான் மகளின் மனதில் நிற்கும். தூரத்தில் இருப்பவரோடு யாரும் போட்டி போட முடியாது. அதை எனக்கு இந்த வீடு பழக்கியிருக்கிறது. ஏழு வருடமாக இங்கே நல்லவர், ரீசேட் அனுப்புகிற வாப்பா. பாடம் கேட்பதும், போனை வாங்கி வைப்பதும், ஏன் பிந்தினாய் என்று கேட்பதும் நான். அவளை அனுப்பிவிட்டு இன்னொரு ஆளையும் அந்தத் தூரத்தில் வைக்க என்னால் முடியாது.

கூரையில் இரண்டு ஓடு உடைந்திருக்கிறது, மழைக்கு முன் மாற்றிவிடுவேன். உங்கள் மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள். ஸப்ரி கொண்டுவரும் சம்பலை அறையில் எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிடாதீர்கள்.

அடுத்த போட்டி பெப்ரவரியில் வருகிறது. லீவைப் பெருநாளுக்கு எடுக்காவிட்டாலும் அதற்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் ஸபா என்பது எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மர்வா கூடாரத்தில், மடைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். முதலில் அதில் வந்து கொஞ்ச நேரம் உட்காருங்கள். தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று நான் திறந்து காட்டுகிறேன்.

அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தந்து, எங்கள் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் ஸம்ஸியா