உன் தங்கையின் சோப்பும் என் மூக்கும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், அப்பாவே தன் கையால் எழுதுவது. ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே சறுக்கும், எழுத்தெல்லாம் குண்டும் ஒல்லியுமாக நிற்கும், கோபித்துக்கொள்ளாமல் படித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இதுவரை உனக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதியவை. இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் நான் முன்னறையில் இருமினால் அவள் பின்னறையிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறாள், அப்படிப்பட்ட சுவர். பேனா சத்தம் போடாது. எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர், முதல் கடிதம் யாருக்குங்க ஐயா, கல்யாணப் பொண்ணு மாதிரி முகமெல்லாம் சிரிப்பா இருக்கே என்று கேலி செய்தார். நல்ல சேதியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். வாய்த்தது வேறு.

உன் தங்கைக்கு வாசனை தெரிவதில்லை அம்மா. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போய்விட்டது, போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவளுடைய சோப்புத் தொழில் உனக்குத் தெரியும். பின்னறையில் எண்ணெயை உருக்குவதும், சோடாக் காரத்தைக் கரைத்து ஊற்றிக் கலக்குவதும், கட்டியானதைக் கம்பியால் அறுப்பதும், வாரக்கணக்கில் தட்டுகளில் உலர்த்துவதும், காகிதம் சுற்றி நூல் கட்டி பார்சல் ஆபீசுக்குச் சுமப்பதும் அவள் ஒருத்திதான். முதலாளியும் நான்தான், வேலைக்காரியும் நான்தான், லேட்டா வந்தா என்னை நானே திட்டிக்குவேன் என்று சிரிப்பாள். அந்த ஒருத்திக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது சொல்.

எனக்கு அது உடனே புரியவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு, வெட்டிய துண்டு ஒன்றை அவ்வப்போது என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். உங்க மூக்குக்கு இன்னும் உயிர் இருக்கான்னு பார்க்கிறேன்பா, இது எப்படி இருக்கு சொல்லுங்க என்பாள். விளையாட்டு என்று நினைத்தேன். கிழவனையும் ஒரு பொருட்டாகக் கேட்கிறாளே என்று உள்ளுக்குள் பெருமை வேறு. எதை நீட்டினாலும் பிரமாதம்மா என்றேன். ஒருமுறை நீட்டியதில் பழைய எண்ணெய்க் காறல் வாடை குப்பென்று அடித்தது. பிள்ளை இடுப்பொடியக் கலக்கியதாயிற்றே, வாடிப்போவாளே என்று அதற்கும் பிரமாதம்மா என்றேன். அவள் செய்வதில் பாதியை வாங்கிக்கொள்கிற பியூட்டி பார்லர் அம்மாவுக்கு அந்தச் சோப்பு போயிற்று. அடுத்த வாரமே அந்த அம்மா பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். என்னம்மா இது, குளிச்சிட்டுப் போனவங்க வடைச் சட்டியில விழுந்து எழுந்த மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் உன் தங்கை ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்தாள். மறுபக்கம் திருப்பியும் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்று மாலை அவள் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். எந்த அறையில் இருந்தாலும் எனக்கு ரெண்டு சுளை என்று குரல் கொடுப்பவள் திரும்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உன் அம்மா இருந்திருந்தால் காறல் சோப்பை முதல் நாளே தெருவில் வீசியிருப்பாள். நான்தான் நல்லவனாக இருந்து கெடுத்தேன்.

உனக்கு ஏன் அவள் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆபீஸ் வேலையை விட்டு இதில் இறங்கியபோது வேண்டாம் என்றவள் நீ. நான் அப்பவே சொன்னேனே என்ற வார்த்தைக்குத்தான் அவள் பயப்படுகிறாள்.

கடிதத்தை இதோடு நிறுத்தி மூன்று நாள் ஆயிற்று. கையும் வலித்தது, நடந்ததும் சரியில்லை. நேற்று அடுத்த தட்டு உலர்ந்து தயாராயிற்று. அதே டின் எண்ணெயில் செய்தது, அதே வாடை. பார்லருக்குப் போக வேண்டியதும் அதுதான். துண்டை நீட்டி, இந்தத் தடவை நிஜமா சொல்லுங்கப்பா என்றாள். வாயைத் திறந்தேன், பிரமாதம் என்றுதான் வந்தது. அவள் முகம் தெளிந்து காகிதம் எடுக்க முன்னறைக்குப் போனாள். வாய்க்கு அவசரம் அம்மா, நான் நினைப்பதற்குள் பொய்யைச் சொல்லிவிடுகிறது. கை மெதுவானது, எழுத்துக்கு எழுத்து நின்று யோசிக்கிறது. தட்டின் முகப்பில் எண்ணெய்ப் பெயரையும் ஊற்றிய தேதியையும் அவள் எழுதி வைக்கும் கறுப்பு அட்டை இருக்கிறதே, அதில் அவள் எழுத்துக்குக் கீழே சாக்பீஸால் காறல் என்று எழுதினேன். வகுப்புக்கும் இந்தக் கடிதத்துக்கும் வெளியே நான் எழுதும் முதல் சொல் உன் பெயராக இருக்க வேண்டும் என்றிருந்தேன், அது இதுவாகிவிட்டது.

திரும்பி வந்து படித்தாள். முன்னாடி அனுப்பினதும் இப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். நீங்க சொன்னதை நம்பித்தானேப்பா அனுப்பினேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை. தட்டு முழுவதையும் சாக்கில் கொட்டிக் கட்டினாள். சாப்பிடவில்லை. ஆனால் இன்று காலை எழுந்து வந்து பார்க்கிறேன், என் நாற்காலிக்குப் பக்கத்தில் புதிதாக வாங்கிய எண்ணெய் டின் மூடி திறந்து இருக்கிறது. அதன் அருகில் ஒன்றும் எழுதாத ஒரு கறுப்பு அட்டை, ஒரு முழு சாக்பீஸ். குனிந்து நன்றாக முகர்ந்து பார்த்து, நல்லது என்று எழுதினேன். அவள் வந்து படித்துவிட்டு, என் கண்ணையும் ஒருதரம் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

பார்லர் அம்மா காத்திருப்பாரா தெரியாது. போன மூக்கு திரும்புமா, அதுவும் தெரியாது. காது மூக்கு டாக்டரிடம் போ என்று நான் சொன்னால் நாளைக்குப் போறேன்பா என்பாள், அந்த நாளை வருவதே இல்லை. நீ சொன்னால் கேட்பாள். ஆனால் எடுத்த எடுப்பில் இதைப் பேசாதே, பேத்தியின் சேட்டைகளைச் சொல்லிச் சிரிக்க வை, அவளாகச் சொல்லும்வரை பொறு. அப்பவே சொன்னேன் என்பது மட்டும் உன் வாயில் வரவே கூடாது, மறந்துவிடாதே.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். குளிரில் குழந்தைக்குக் காதை மூடிவிடு. இன்று ஊற்றியதை அவள் அறுத்ததும் மூக்கு சொன்னது என்ன என்று வருகிற வாரம் எழுதுகிறேன். பிரமாதம் என்று எழுதியிருந்தால் இனி நீ நம்பலாம்.

இப்படிக்கு,
பிறர் கை படாமல் எழுதிய
உன் அப்பா