சேவலைப் புதைத்த குழந்தை

ஜூலை 5, 2025, சனி

மின்விசிறி இன்றும் ஓடவில்லை. புதுவாயலில் மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே, குழந்தைகளுக்கான விளையாட்டுச் சிகிச்சை அறை. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவானை ஒரு மத்தியானம் இங்கே உட்கார வைக்க வேண்டும்.

புதிதாக ஒரு குழந்தை. கிறிஸ்டினா, ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. நான்கு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. காது, தொண்டை எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருவள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"சரியான வாயாடி மிஸ் இவ," என்றாள் அம்மா சுமலதா. "மார்ச்சுல அவங்கப்பாவுக்கு கம்பெனில கை மிஷின்ல மாட்டிக்கினு ரெண்டு விரலு போச்சு. அன்னிலேர்ந்து இப்படி. பயந்துட்டா போல."

அரையாண்டுத் தேர்வுக்குள் வாய் திறக்காவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். பேசத் தெரிந்த பிள்ளையை! கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முக்கால் மணி நேரமும் கதவோரமே நின்றாள். எதையும் தொடவில்லை.

ஜூலை 12

குழந்தை விளையாட வேண்டும். நான் கேள்வி கேட்கக் கூடாது. பார்ப்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லலாம். இதுதான் என் வேலை. கேள்வி கேட்காமல் ஒருத்தி இருப்பது, அதுவும் இந்தக் குணசுந்தரி! தெரிந்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்று ஆண் பொம்மையை எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். கழுத்து வரை துணி போர்த்தினாள். பிறகு மணல் தட்டில் குழி தோண்டிச் சேவல் பொம்மையைப் புதைத்தாள். அடுத்து நாய். கார். ரயில். கடைசியாகச் சின்னப் பெண் பொம்மை. மேலே மணலைத் தட்டிச் சமமாக்கினாள்.

"ஒவ்வொண்ணா மணலுக்குள்ள போவுது," என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 19

அதே விளையாட்டு. வரிசைகூட மாறவில்லை.

ஜூலை 26

மறுபடியும் அதே. படுத்திருக்கும் ஆண், புதைந்துபோகும் பெண் குழந்தை. விரல் போன ஆத்திரத்தை அந்த மனுஷன் பிள்ளை மேல் காட்டுகிறானோ? குடிப்பானோ? குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யலாமா என்று இரண்டு முறை கைப்பேசியை எடுத்துக் கீழே வைத்தேன்.

ஆகஸ்ட் 2

கெடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன்.

அவள் சேவலை எடுத்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "அப்பா அடிப்பாரா கண்ணு?" என்று கேட்டுத் தொலைத்தேன். கையிலிருந்த சேவலை அப்படியே போட்டாள். எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். பதினோரு வருஷமா இதே வேலையில இருக்கேன். புத்தி எங்க போச்சு எனக்கு?

ஆகஸ்ட் 9

வரவில்லை. போன் செய்தால் சுமலதா வெடிக்கிறாள். "கதவாண்டதான் உக்காந்துனு இருந்தேன் மிஸ், நீ கேட்டது என் காதுல வுழுந்துது. எங்க ஊட்டுக்காரரு அவ மேல ஒரு அடி வெச்சதில்ல. இன்னா நெனச்சினு இருக்க எங்கள? இனிமே வரமாட்டோம்." வைத்துவிட்டாள்.

அரையாண்டுக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளையின் ஒரே கதவை நானே சாத்திவிட்டேனா?

ஆகஸ்ட் 15

விடுமுறை. மன்னிப்புக் கேட்கலாம் என்று தேர்வாய் கண்டிகைப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கியதுமே சுமலதா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"தட்டாத மிஸ்! நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான் படுத்தாரு," என்றாள், காற்றாகப் போன குரலில். கை ஆறியதும் அவள் புருஷன் தானியேலைக் கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஷிப்ட் மட்டும் மாறவில்லை.

ஜன்னலில் கறுப்புத் துணி. விசில் அடிக்கும் என்று குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, பானையில் சோறு வடிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்த வாசலுக்கு வரக் கூடாது. அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதைதானாம். தானியேல் கழுத்து வரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். கிறிஸ்டினா மூலையில் உட்கார்ந்து, பென்சில்கூட உரசாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

நானும் கிசுகிசுத்தே மன்னிப்புக் கேட்டேன். சுமலதா முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு மோர் கொடுத்தாள். அடுத்த வாரம் அழைத்து வருகிறேன் என்றாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. சேவல், நாய், கார், ரயில். எல்லாமே சத்தம் போடுபவை! அதே அலமாரியில் இருக்கும் முயல் பொம்மையை அவள் தொட்டதே இல்லை. மீனையும் பீரோவையும்கூடத் தொட்டதில்லை. எது சத்தம் போடுமோ அதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் புதைத்திருக்கிறாள். அந்தப் பெண் பொம்மையையும் சேர்த்து. நாலு வாரமா என் மூக்குக்குக் கீழ நடந்திருக்கு. ஏழு வயசுப் பிள்ளை இவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கு. அம்மாடி!

ஆகஸ்ட் 23

வந்தாள். இன்று விளையாட்டு நீண்டது.

ஆண் பொம்மை தூங்கியது. பெண் பொம்மை கட்டிலைச் சுற்றிக் குதித்துக் குதித்து ஆடியது. ஆண் பொம்மை எழுந்தது. நடந்துபோய் ஒரு செருப்புப் பெட்டிக்குள் நுழைந்தது. அதன் கையை முறுக்கிக் கழற்றினாள். அந்தக் கையைப் பெண் பொம்மையின் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் சேர்த்துப் புதைத்தாள்.

நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். "பாப்பா ஆடுனா. அப்பா முழிச்சிட்டாரு. வேலைக்குப் போனாரு. கை போயிடுச்சு. பாப்பா மணலுக்குள்ள போயிட்டா."

முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

படிக்கட்டில் வைத்து சுமலதாவிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் மிஸ் சொல்லுவேன். சத்தம் போட்டா அப்பாவுக்குத் தூக்கம் கெட்டுடும், மிஷின்ல கை பூடும்னு. ஷிப்ட்டுக்குப் போற எல்லா ஊட்லயும் சொல்றதுதான். அன்னிக்கு ஸ்கூல் டான்ஸ் ஆடினு இருந்தா, அவரு முழிச்சிக்கினாரு. அப்பவும் அதான் சொன்னேன்."

அன்று இரவே விரல்கள் போயின.

செப்டம்பர் 6

தானியேல் வந்தார். நான் சந்தேகப்பட்ட மனுஷன். வாசலில் செருப்பை ஓரமாக விட்டு, "இன்னா பேசணும் மிஸ்?" என்று கேட்டார்.

"அன்னைக்குத் தூக்கம் இல்லாமத்தான் அடிபட்டுச்சா?" பெரியவர்களிடம் நான் கேள்வி கேட்கலாம்.

"யாரு சொன்னா? நல்லா முழிச்சிக்கினுதான் இருந்தேன். மிஷினுக்கு முன்னால மூடி ஒண்ணு இருக்கும், அத கழட்டிட்டு ஓட்டச் சொன்னானுங்க."

"அதைப் பொம்மைகிட்டச் சொல்லுங்க."

அந்த ஆள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று விரல் கையால் ஒற்றைக்கைப் பொம்மையைத் தூக்கி, அதனிடம் மெதுவாகச் சொன்னார். "டேய், பாப்பா ஆடுனதால ஒண்ணும் ஆவலடா. மிஷினுக்கு மூடி இல்ல. அவ்ளோதான்."

கிறிஸ்டினா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பாயைக் காட்டினாள். படுத்தார். என் துண்டைக் கழுத்து வரை போர்த்திவிட்டாள். வந்ததும் மணலில் புதைத்து வைத்திருந்த சேவலைத் தோண்டி எடுத்து, ஊதித் துடைத்து, அவர் காதருகே கொண்டுபோனாள். எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தாளோ!

"கொக்கரக்கோ."

துருப்பிடித்த குரல். தானியேலின் உதடு துடித்தது, ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. குறட்டை விட்டார்! அவள் இன்னும் சத்தமாகக் கூவினாள். அவர் இன்னும் சத்தமாகக் குறட்டை விட்டார். மூன்றாவது முறை அவள் கூவியதில் நெடுஞ்சாலை லாரிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அப்பா சொன்ன வார்த்தையை நம்பலாமா என்று தானே ஒரு சோதனை வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

அக்டோபர் 11

வீட்டில் பேசுகிறாள். பள்ளியில் இன்னும் இல்லை. அரையாண்டை நினைத்தால் பக்கென்று இருக்கிறது.

நவம்பர் 22

வருகைப் பதிவில் இவள் பெயர் வந்ததும் "உள்ளேன் டீச்சர்" என்றாளாம். வகுப்பே கை தட்டியதாம். டி.சி. பேச்சு அதோடு நின்றது.

டிசம்பர் 24, புதன்

பக்கத்தில் ஒரு வேலையாகப் போனவள் அவர்கள் வீட்டுக்கும் போனேன். மத்தியானம். தானியேல் தூக்கத்தில். பழக்கதோஷத்தில் நான் வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்தி, "அம்மா இருக்காங்களா?" என்றேன்.

கிறிஸ்டினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு மிஸ் குசுகுசுன்ற? சத்தமாப் பேசு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது."